நாலாம் நம்பர் தேக்கு

கோல நெராங்
14 ஜூலை 2025

அன்புள்ள அக்கா லோகேஸ்வரிக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். அதை அடுத்த பத்தியில் கேட்கிறேன். முதலில் சேதி. மரம் பூத்துவிட்டது.

விடிந்ததும் வெளியே வந்து பார்த்தேன். உச்சியில் வெள்ளையாக என்னவோ தொங்கியது. ஒட்டடை என்று நினைத்து ஏணி வைத்து ஏறினால் பூ! கொத்துக் கொத்தாக. நட்டு இன்னும் நாலு வருஷம் முடியவில்லை. இப்போது முழங்கால் எப்படி இருக்கிறது?

நான் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இந்த வறண்ட மேட்டைக் குத்தகைக்கு எடுத்தபோது என்னைத் திட்டாதவர்கள் யார்? ஒரு நாளைக்குப் பத்துப் பேர் போன் போட்டுத் திட்டினார்கள் என்றுதானே போனையே தூக்கிப் போட்டேன். நீ ஒருத்திதான் திட்டவில்லை. தையும் மாசியும் பங்குனியும் மழை இல்லாத இடத்தில் ரப்பர் வாடும், செம்பனை வாடும், தேக்கு மட்டும் இலையை உதிர்த்துவிட்டுப் பொறுத்துக்கொள்ளும் என்று சொன்னாய். உன் திசுவளர்ப்பு லேப் ஜாடியில் பிறந்த ஐந்நூறு கன்றையும் நீயே வேனில் ஏற்றிவிட்டாய். எல்லாம் நாலாம் நம்பர் தாய் மரத்தின் பிள்ளைகள்.

உமாராணி என்னை விட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு சுங்கை பட்டாணியில் அம்மா வீட்டுக்குப் போகும்போது என்ன சொன்னாள் தெரியுமா? "ஒங்க மரம் வளரட்டும், பொறவு நான் வரேன்." தீபாவளிக்கு வந்து பார்க்கச் சொல்லி அவளுக்கும் இன்றைக்கே எழுதுகிறேன். பூவைப் பார்த்தால் என்ன பேசுவாள் என்று பார்க்க வேண்டும்.

ஒரு கொத்தை அம்மா படத்துக்கு வைத்தேன். பதிலை வழக்கம்போல முருகையா அண்ணன் மளிகைக் கடை விலாசத்துக்கே போடு.

தம்பி குணாளன்

•

கூலிம்
23 ஜூலை 2025

தம்பி குணாளனுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து துளிர் நறுக்குகிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

போன் ஒன்று வாங்கு. உனக்கு ஒன்று ஆகிவிட்டால் யாருக்குத் தெரியும்? முருகையா கடையில் என் கடிதம் அரிசி மூட்டைக்குப் பின்னால் எத்தனை நாள் கிடக்கிறதோ, அதுவும் தெரியவில்லை.

பூவைப் பற்றிச் சில விவரம் வேண்டும். எத்தனை மரம் பூத்திருக்கிறது? ஒன்றிரண்டா, நிறையவா? பூ பக்கக் கிளையில் வந்ததா, நடுத்தண்டின் நுனியிலா? நுனியில் என்றால், அதற்குக் கீழே புதுக்கிளை எப்படிக் கிளம்புகிறது என்று பார். அவசரமில்லை. அவசரமில்லை என்று எழுதிவிட்டேன், ஆனால் சீக்கிரம் எழுது. லேப்பில் குறித்து வைப்பதற்குத்தான் கேட்கிறேன்.

உமாராணிக்குக் கடிதம் போட்டுவிட்டாயா? போடவில்லை என்றால் கொஞ்ச நாள் பொறு. வேறு யாரிடமும் இப்போதைக்குச் சொல்லாதே. கண் படும்.

ராத்திரி ஓட்ஸ் மட்டும் குடித்துவிட்டுப் படுக்காதே. சோறு ஆக்கு.

அக்கா

•

கோல நெராங்
2 ஆகஸ்ட் 2025

அக்கா,

கண் படுமாம். லேப்பில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு இருபது வருஷம் வேலை செய்கிறவள் எழுதுகிற எழுத்தைப் பார்!

நீ கேட்டதால் ஒரு நாள் முழுக்க எண்ணினேன். உயிரோடு இருப்பது நானூற்று எண்பத்தேழு மரம். பூத்தது நானூற்றுப் பதினொன்று. எல்லாவற்றிலும் நடுத்தண்டின் நுனியில்தான். அதற்குக் கீழே இரண்டு பக்கமும் சமமாக இரண்டு கிளை கிளம்பியிருக்கிறது. கவட்டை மாதிரி. ஒரே அச்சு அக்கா. ஒன்றைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் பார்த்த மாதிரி. உங்கள் லேப் வேலை என்றால் சும்மாவா?

இன்னொரு சேதி. கரங்கானிலிருந்து திவாகரன் அண்ணன் வந்திருந்தார். ரப்பர் எஸ்டேட்டில் அப்பாவோடு பால் மரம் வெட்டியவர் மகன், ஞாபகம் இருக்கும். எஸ்டேட்டை மூடியதற்குக் கிடைத்த நஷ்டஈட்டை வைத்து அவரும் அவர் மச்சான்கள் இரண்டு பேரும் சிக் ஊர்ப் பக்கம் ஒரு மேட்டு நிலம் பார்த்திருக்கிறார்கள். எதை நடுவது என்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்தவர்கள். என் தோட்டத்தில் அரை நாள் நடந்தார். கடைசியில் ஒரு மரத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "தம்பி, வேற எதுவும் வேணாம் லா. இதே செடிதான் எங்களுக்கும். ஒங்க அக்காகிட்ட சொல்லிரு" என்றார்.

மூன்று குடும்பம். மூவாயிரம் கன்று. அடுத்த மழைக்கு நட வேண்டுமாம். என் பேச்சை நம்பி ஒருவர் ஒரு காரியத்தில் இறங்குவது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. பதினேழு வருஷம் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் ஷிப்ட் செய்தேன், ஒருவர்கூட என்னிடம் யோசனை கேட்டதில்லை. சிரிக்காதே, அவர் போன பிறகு கொஞ்சம் அழுதேன்.

உமாராணிக்கு எழுதிவிட்டேன். தீபாவளிக்கு வருகிறாள்.

குணாளன்

•

கூலிம்
9 ஆகஸ்ட் 2025

தம்பி குணாளா,

திவாகரனை இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்.

நம் லேப்பில் ஆள் குறைவு. மூவாயிரம் கன்று லேசில் முடியாது. சிக் பக்கத்து மண்ணை முதலில் பார்க்க வேண்டும். மழையும் இந்த வருஷம் எப்படி என்று தெரியவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல். அவர் அட்வான்ஸ் எதுவும் கட்ட வேண்டாம்.

நீயும் கொஞ்சம் பொறு. எல்லோரையும் கூட்டிக் காட்டாதே. மரம் எங்கே ஓடிப்போகிறது?

எழுத இன்னும் இருக்கிறது. இன்றைக்கு முடியவில்லை.

அக்கா

•

கோல நெராங்
16 ஆகஸ்ட் 2025

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஆள் குறைவு, மண், மழை. இதே மூன்றும் நான் நட்டபோதும் இருந்தது. அப்போது நீ ஒன்றும் சொல்லவில்லையே.

நேராகக் கேட்கிறேன். நான் நாலு பேருக்கு முன்னால் தலை நிமிர்ந்தால் உனக்கு என்ன? சின்ன வயதிலிருந்து குணாளனுக்கு ஒன்றும் தெரியாது, குணாளனை நான்தான் பார்க்க வேண்டும் என்பாய். அம்மா போன பிறகு நீ என்னை வளர்த்தாய். இல்லை என்று சொல்லவில்லை. அதற்காகக் கடைசிவரை நான் உன் கையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டுமா? என் மாமியார் வீட்டில் பேசுகிற பேச்சை நீயும் பேச ஆரம்பித்துவிட்டாய்.

திவாகரன் அண்ணனிடம் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். காரணம் ஏதாவது இருந்தால் எழுது. இல்லை என்றால் வருகிற சனிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு உன் லேப் வாசலுக்கே வருகிறேன். நீ இல்லை என்றாலும் உன் சூப்பர்வைசரைப் பார்த்துச் செடிக்குச் சொல்லிவிட்டுத்தான் போவோம்.

குணாளன்

•

கூலிம்
19 ஆகஸ்ட் 2025

குணாளா,

இதைப் போஸ் லாஜு விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். சனிக்கிழமைக்குள் கிடைத்துவிட வேண்டும். படித்து முடிக்கும்வரை எழுந்து போகாதே.

உன் தோட்டத்தில் நிற்பது நாலாம் நம்பர் இல்லை. பதினொன்று.

கரங்கான் பக்கம் மூடிப்போன எஸ்டேட்டில், மேனேஜர் பங்களாவுக்குப் போகிற பாதையில் பழைய தேக்குகள் நின்றன. லேப்பில் அவற்றுக்கு நம்பர் போட்டோம். நாலாம் நம்பரில் ஐம்பது அடி வரைக்கும் ஒரு கிளை கிடையாது. அதே வரிசையில் பதினொன்றாம் நம்பர் குட்டையாக நின்றது. தேக்கு நடுநுனியில் பூத்துவிட்டால் அதற்கு மேல் நேராக ஏறாது, கவட்டையாகப் பிரிந்துவிடும். வயது ஏறிய பிறகு பூத்தால் பாதகமில்லை, அதற்குள் பலகைக்கு வேண்டிய உயரம் வந்திருக்கும். பதினொன்று பிஞ்சிலேயே பூக்கும் மரம். பிரிந்த கிளையிலும் பூத்து மறுபடி பிரியும். அதில் விறகு வரும், வேலிக்கால் வரும். பலகை வராது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதையும் ஜாடியில் வளர்த்தோம்.

விதை போட்டு வளர்த்தால் பிள்ளை தாயைப் போல வரலாம், வராமலும் போகலாம். நாங்கள் செய்வது துளிரை நறுக்கி நறுக்கிப் பெருக்குவது. தாய் எதுவோ அதுவேதான் ஆயிரமாக நிற்கும். ஒரே அச்சு என்று நீ சந்தோஷமாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கொரோனாக் காலத்தில் லேப்பில் பாதிப்பேர்தான் இருந்தோம். சரஸ்வதி பூசை வந்தது. நாங்கள் தமிழ்ப் பெண்கள் மூன்று பேர் வருஷா வருஷம் கத்திக்கும் இடுக்கிக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம், கதவுக்கு வெளியே, யாருக்கும் தெரியாமல். அந்த வருஷம் மற்ற இரண்டு பேரும் வரவில்லை. வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். ஜாடியில் இருந்ததும் உயிர்தானே, அதற்கும் வைத்தால் என்ன என்று தோன்றியது. நாலாம் நம்பர் தட்டையும் பதினொன்றாம் நம்பர் தட்டையும் வெளிமேசைக்கு எடுத்து வந்து, எண்பது ஜாடிக்கும் வெளிப்பக்கம் ஒவ்வொரு பொட்டு வைத்தேன்.

அப்போது புவானின் கார் வந்தது. எங்கள் சூப்பர்வைசர் புவான் நல்ல மனுஷிதான், ஆனால் ஜாடியில் ஒரு தூசி இருந்தாலும் சும்மா விடமாட்டார். கையில் இருந்த ஸ்பிரிட் துணியால் மடமடவென்று துடைத்தேன். மார்க்கரில் எழுதிய நம்பர் ஸ்பிரிட் பட்டால் அழியும். இது எனக்குத் தெரியாதா? புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நானே சொல்லுவேன். அன்றைக்குப் பொட்டு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. துணியைப் பார்த்தேன், சந்தன மஞ்சளும் மார்க்கர் நீலமுமாக இருந்தது. இதற்குள் தட்டு இரண்டையும் இடம் மாற்றி மாற்றி வைத்துவிட்டேன். ஜாடிக்குள் எல்லாத் தேக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இடது பக்கம் நாலு என்று நினைத்தேன். நினைத்து, எழுதிவிட்டேன்.

மறுநாள் சொல்லியிருக்கலாம். இரண்டு தட்டையும் கொட்டிவிட்டுத் தாய் மரத்திலிருந்து மறுபடி மொட்டு எடுத்திருப்பார்கள். வேலை போகும் என்று வாயை மூடிக்கொண்டேன். மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்று பிறகு சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? சரியாகத்தான் எழுதியிருப்பேன் என்று ஐந்து வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லேப்பில் இன்றைக்கு நாலு என்று எழுதியிருக்கும் ஜாடியெல்லாம் அந்தத் தட்டின் வாரிசுதான். திவாகரனுக்கும் அதுதான் போகும். அவர்களை நட விடாதே.

நீ வேன் கொண்டு வந்த அன்று, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "அக்கா, இது நாலாம் நம்பர்தானே?" என்று கேட்டாய். நான் ஆமாம் என்றேன். எனக்குத் தெரியாது குணாளா. தெரியாமல்தான் ஆமாம் என்றேன்.

லோகேஸ்வரி

•

கோல நெராங்
3 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

சனிக்கிழமை நான் வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

இரண்டு கேள்வி. பதில் மட்டும் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

ஒன்று. தேக்கை அடியோடு வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்கிறார்கள். நானூற்று எண்பத்தேழையும் வெட்டிவிடுகிறேன். அடியில் வருகிற துளிரில் நேரானதை மட்டும் விட்டு வளர்த்தால் ஒழுங்காக வருமா? எத்தனை வருஷம் ஆனாலும் பரவாயில்லை.

இரண்டு. இடது பக்கத் தட்டு எனக்கு வந்தது. அப்படி என்றால் வலது பக்கத் தட்டுத்தான் உண்மையான நாலு. அது எங்கே?

குணாளன்

•

கூலிம்
8 செப்டம்பர் 2025

குணாளா,

ஒன்று. துளிர்க்கும். நேராகவும் கிளம்பும். மூன்று நாலு வருஷத்தில் அதுவும் பூக்கும். அடியில் வந்தாலும் நுனியில் வந்தாலும் அதே மரம்தான். வெட்டாதே. வெட்டி இன்னும் நாலு வருஷத்தைத் தொலைக்காதே.

இரண்டு. வலது பக்கத் தட்டில் நான் பதினொன்று என்று எழுதினேன். மூன்று மாதம் கழித்து, பதினொன்று இனிமேல் தேவையில்லை, இடம் வேண்டும் என்று புவான் சொன்னார். வேண்டாத ஜாடியை நாங்கள் பெரிய குக்கரில் அடுக்கி நீராவியில் வேக வைப்போம். வெந்ததைக் கொட்டிவிட்டு ஜாடியைக் கழுவி வைப்போம். நாற்பது ஜாடியையும் நான்தான் அடுக்கினேன். நல்ல துளிர்களாக இருந்தன. மூடியை மூடும்போது ஒரு கணம் நின்றேன். நின்றுவிட்டு மூடினேன்.

தாய் மரத்திலிருந்து மறுபடி எடுக்கலாமே என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கரங்கான் போனேன். பங்களாவும் இல்லை, பாதையும் இல்லை. மண்ணை வெட்டிச் சமப்படுத்தி வேலி போட்டிருக்கிறார்கள். மரங்களை இரண்டு வருஷத்துக்கு முன்பே லாரியில் ஏற்றிவிட்டதாகக் காவலாளி சொன்னார். நாலாம் நம்பர் என்று இனிமேல் எங்கேயும் ஒன்றும் இல்லை.

வேறு எதுவும் எழுதாதே என்றாய். இதை மட்டும் எழுதுகிறேன். புவானிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் மார்க்கர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். இனி எனக்குக் கத்தி வேலை இல்லை. ஜாடி கழுவுகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். வெளியே அனுப்பவில்லை.

நீ வந்து என்னை அடித்தால்கூட எனக்குச் சமாதானமாக இருக்கும்.

அக்கா

•

கூலிம்
27 அக்டோபர் 2025

குணாளா,

தீபாவளிக்கு நீ வருவாய் என்று நினைத்து முறுக்கு சுட்டேன். உமாராணி அங்கே வந்தாளா, என்ன சொன்னாள், ஒன்றும் தெரியவில்லை. முருகையா கடைக்குப் போன் போட்டேன். "ஆளு நல்லாத்தான் இருக்காரு, சாமான் வாங்கிட்டுப் போறாரு, பேச மாட்டேங்குறாரு லா" என்றார். நல்லாத்தான் இருக்கிறாய் என்பது போதும்.

திவாகரனிடம் சொன்னாயா? அது ஒன்றை மட்டும் எழுது. நீ சொல்லவில்லை என்றால் நான் போய்ச் சொல்கிறேன். சொல்ல வேண்டியவள் நான்தான்.

அக்கா

•

கோல நெராங்
30 நவம்பர் 2025

அக்காவுக்கு,

திவாகரன் அண்ணனிடம் செப்டம்பரிலேயே சொல்லிவிட்டேன். கரங்கானுக்குப் போய், மச்சான்கள் இரண்டு பேரையும் வரச் சொல்லி, மூன்று பேருக்கும் முன்னால் சொன்னேன். லேப்பில் நம்பர் மாறிவிட்டது, என் மரம் பலகைக்கு ஆகாது, நீங்கள் நட வேண்டாம் என்றேன். உன் பெயரை எடுக்கவில்லை. "ஒங்க அக்கா அங்கதானே வேல செய்யிது?" என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். டீ போட்டுக் கொடுத்தார்கள். மூன்று வீட்டு ஆண்களும் வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள், சாவு வீட்டில் நிற்கிற முகத்தோடு.

உமாராணியை இங்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தீபாவளிக்கு நானே சுங்கை பட்டாணிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். "கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள். அவள் திட்டியிருக்கலாம். மகள் சுபாஷினி என் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா, மரத்தை எப்போது காட்டுவீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மரத்தை நான் வெட்டவில்லை. ஒரு நாள் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். முதல் வரிசை முதல் மரத்தில் வைத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. அது என்ன பாவம் செய்தது? அது எந்த மரமோ அந்த மரமாகத்தான் வளர்ந்திருக்கிறது. நிலத்துக்கார மலாய்ப் பெரியவர் பாக்சிக், குத்தகையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். வெட்டி வேலிக்கால் ஆக்கிக்கொள்வாராம். சரி என்று சொல்லிவிட்டேன். அவர் வெட்டும்போது நான் அங்கே இருக்கமாட்டேன்.

இப்போது உன்னைப் பற்றி. மூன்று மாதமாக இதை எப்படி எழுதுவது என்று யோசித்தேன்.

நீ பொட்டு வைத்ததில் எனக்குக் கோபம் இல்லை. துடைத்ததில் இல்லை. வேலைக்குப் பயந்து வாயை மூடியதில்கூட இல்லை. அந்தச் சமயத்தில் யாருக்குத்தான் பயம் இல்லை? என் கோபமெல்லாம் அந்த வேன் நின்ற இடத்தில்தான் இருக்கிறது. அன்றைக்கு நீ, "தெரியலடா, மாறியிருக்கலாம்" என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறாய்? அதே கன்றுகளைத்தான் ஏற்றியிருப்பேன். ஐந்நூறையும். எனக்கு நாலும் தெரியாது, பதினொன்றும் தெரியாது. அக்கா கொடுத்த செடி என்றுதான் நட்டேன். தெரிந்து நட்டிருந்தால், பூத்த அன்று சேர்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், நீயும் நானும். நீ என்னை ஏணி வைத்து ஏற வைத்தாய். உமாராணிக்குக் கடிதம் போட வைத்தாய். அம்மா படத்துக்கு அந்தப் பூவை வைக்க வைத்தாய். ஒரு ஊரே சிரிக்க வேண்டிய காரியத்துக்கு நான் மட்டும் சந்தோஷப்பட்டேன்.

ஜனவரியிலிருந்து ஹைடெக்கில் மறுபடி ஷிப்டுக்குப் போகிறேன். பழைய கம்பெனி இல்லை, வேறு. தங்குகிற இடம் உன் பிளாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிஷம். கம்பெனி பஸ் உன் வாசல் வழியாகத்தான் போகும். மற்றவர்கள் சொல்லி உனக்குத் தெரியக் கூடாது என்பதால் நானே எழுதுகிறேன். ஜன்னலில் நிற்காதே.

அவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு யாரும் கடிதம் எழுதமாட்டார்கள். ஆகவே இதுதான் கடைசி. அம்மா திதி மார்ச்சில் வருகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வருவேன். இலை போட்டால் உட்கார்ந்து சாப்பிடுவேன். என்னைப் பேச மட்டும் சொல்லாதே, அக்கா.

குணாளன்